கதிரவன் காட்டும் நேரமும் கடிகாரம் காட்டும் நேரமும்

நண்பகல் 12 மணிக்குக் கதிரவன் தலைக்கு மேல் உச்சியில் இருக்கும் என்பது பலரது எண்ணம். சிங்கப்பூரில் அப்படி நடப்பதில்லை. பள்ளித் திடலில் ஒரு கோலை நேராக நட்டு, அதன் நிழலைக் கால் மணிக்கு ஒருமுறை அளந்து பார்த்தால் உண்மை தெரியும். நிழல் மிகக் குறுகுவது பிற்பகல் ஒரு மணியை ஒட்டித்தான். மாதத்திற்கேற்பச் சில நிமிடங்கள் முன்பின் ஆகலாம். அப்படியானால் தவறு கதிரவனிடமா, கடிகாரத்திடமா?

பூமி தன் அச்சில் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கதிரவனை வைத்துப் பார்த்தால், 360 பாகை கொண்ட ஒரு முழுச் சுற்றுக்கு 24 மணி நேரம் ஆகிறது. எனவே ஒரு மணி நேரத்தில் பூமி 15 பாகை சுழலும். ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே உள்ள ஊர் கதிரவனை முதலில் காணும். மேற்கே உள்ள ஊர் பிறகு காணும். ஆகவே, இரண்டு ஊர்களின் நேர வேறுபாடு தெரிந்தால், அவற்றின் தீர்க்கரேகை வேறுபாட்டையும் கணக்கிட்டுவிடலாம்.

இந்தக் கணக்கு ஒரு காலத்தில் கடலோடிகளின் உயிரோடு தொடர்புடையதாக இருந்தது. கப்பல் இருக்கும் இடத்தில் நண்பகல் எப்போது என்பதை வானத்தைப் பார்த்து அறியலாம். ஆனால், அதே நொடியில் புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்ன? அதைச் சொல்ல, ஆடும் கப்பலிலும் பிசகாமல் ஓடும் கடிகாரம் வேண்டும். நிலநடுக்கோட்டில் 4 நிமிடப் பிழை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர் பிழை! 1707ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் நான்கு, தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏழு ஆண்டுகள் கழித்து, தீர்க்கரேகையை அறியும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசளிக்கும் சட்டத்தைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றியது. விண்மீன்களை ஆராய்ந்த அறிஞர்கள் பலர் முயன்றனர். ஆனால், நம்பகமான கடற்கடிகாரத்தை உருவாக்கியவர் ஜான் ஹாரிசன் என்ற தச்சர். அதற்காக அவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

இனி, நிழல் எழுப்பிய கேள்விக்கு வருவோம். சிங்கப்பூர் ஏறக்குறைய 103.8 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது. நான்கால் பெருக்கினால், கிரீன்விச் நேரத்தைவிட அது 6 மணி 55 நிமிடம் முன்னால் இருக்க வேண்டும். ஆனால், நம் கடிகாரம் 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அது 120 பாகைக்குரிய நேரம். அந்தக் கோடோ பிலிப்பீன்ஸ் நாட்டின் மேற்குப் பகுதி வழியாகச் செல்கிறது!

இந்த ஒரு மணி ஐந்து நிமிடம் ஒரே நாளில் கூடியதன்று. 1905இல் இங்குள்ள நேரம் 7 மணி என நிலைப்படுத்தப்பட்டது. மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்த, 1933இல் அதனுடன் 20 நிமிடமும், 1941இல் மேலும் 10 நிமிடமும் சேர்க்கப்பட்டன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்திற்கு மாற்றப்பட்டன. அந்த மாதத்தில் காலை எட்டு மணிக்குப் பிறகே பொழுது விடிந்தது. ஊரைப் பிடித்தவர்கள் அதன் காலைப்பொழுதையும் மாற்றிவிட்டார்கள். போர் முடிந்தபின் பழைய ஏழரை மணி நேரம் திரும்பியது.

தீபகற்ப மலேசியாவுக்கும் சபா, சரவாக் மாநிலங்களுக்கும் இடையே அரை மணி நேர வேறுபாடு அதன்பின்னும் நீடித்தது. நாடு முழுவதும் ஒரே நேரம் இருக்க வேண்டும் என்று மலேசியா முடிவு செய்தது. 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30க்குத் தீபகற்பத்தின் கடிகாரங்கள் நேராக 12க்கு நகர்த்தப்பட்டன. அண்டை நாட்டோடு வணிகமும் போக்குவரத்தும் மிகுந்த சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. அவ்வாண்டின் கடைசி அரை மணி நேரம் இங்கு வாழ்ந்தவர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

சென்னையில் உள்ள பாட்டியைத் தொலைபேசியில் அழைக்கும் பேரப்பிள்ளைகள் இரண்டரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்கிறார்கள். கதிரவனைக் கேட்டால், இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி 34 நிமிடம்தான் என்று சொல்லும். மீதம் மனிதர் வகுத்தது.

இதற்கு நேர்மாறான காட்சியை நோன்பு மாதத்தில் மலேசியாவில் காணலாம். கோத்தா கினபாலுவும் பினாங்கும் ஒரே கடிகார நேரத்தைப் பின்பற்றுகின்றன. ஆயினும் அவற்றின் இடையே ஏறத்தாழ 16 பாகை இடைவெளி உண்டு. கோத்தா கினபாலுவில் கதிரவன் மறைந்து நோன்பு துறந்து முடித்தவர்கள் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, பினாங்கில் இன்னும் வெயில் இருக்கும். அங்கு கதிரவன் மறைவது கோத்தா கினபாலுவைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துத்தான்.