கேளிக்கைப் பூங்காவும் ஏளனப் பார்வையும்

1992ஆம் ஆண்டு ஏப்ரல் 12 அன்று பாரிசுக்கு அருகில் டிஸ்னி கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் பலர் அதனை இகழ்ந்தனர். நாடக இயக்குநர் அரியான் மினூஷ்கின் அதனைச் செர்னோபில் அணு விபத்தோடு ஒப்பிட்டார். பண்பாட்டுக்கு நேர்ந்த பேரழிவு என்பது அவர் கருத்து. ஆயினும், அப்பூங்காவின் நடுவே நிற்பது உறங்கும் அழகியின் கோட்டை. அக்கதையை 1697இல் நூலில் வெளியிட்ட சார்ல் பெரோ பிரெஞ்சுக்காரரே! இகழ்ந்தோர் இதனை மறந்தனர் போலும்.

பூங்காவில் குறையே இல்லை என்பதன்று. கட்டணம் மிகுதி, வரிசையும் நெடிது. ஆனால், அருங்காட்சியகத்தில் ஓவியத்தின்முன் நிற்பவர் மட்டுமே விடுமுறையைப் பயனுறக் கழிக்கிறார் எனக் கூற எவருக்கு உரிமை உண்டு? மகள்கள் குடைராட்டினத்தில் சுற்ற, தாம் மட்டும் பலகையில் வாளா அமர்ந்திருந்தபோதே இவ்வெண்ணம் பிறந்ததாக வால்ட் டிஸ்னி கூறியுள்ளார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓரிடத்தையே அவர் நாடினார்.