ஜனவரி பத்துக்குள் ஒரு மலர்

ஏழு ஆண்டுகளாக எங்கள் பள்ளி ஆண்டு மலரின் பொறுப்பு என் தலையில் இருக்கிறது. மலர் என்றால் தமிழய்யாதான் என்பது எழுதாத சட்டம். கணக்கு வாத்தியாரிடம் யாரும் கேட்பதில்லை. முதல் வருடம், ஆண்டு விழா முடிந்து பதினோரு நாள் கழித்துத்தான் மலர் வந்தது. பிளஸ் டூ பிள்ளைகள் செய்முறைத் தேர்வில் இருந்தார்கள். ஆய்வக வாசலில் நின்று ஆளுக்கொரு பிரதியாகக் கையில் திணித்தேன். விரலில் பர்மாங்கனேட் கறையோடு வாங்கிய ஒரு பெண், பிரித்துக்கூடப் பார்க்காமல் பைக்குள் செருகிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகுதான் நாள்காட்டியை எடுத்து வைத்துப் பின்னாலிருந்து எண்ணப் பழகினேன்.

விழா ஜனவரி 30 என்று வையுங்கள். 28ஆம் தேதி கட்டுகள் பள்ளிக்கு வந்துவிட வேண்டும். மடித்து, அடுக்கி, பைண்டிங் போட்டு, வெட்டுவதற்கு நான்கு நாள். அச்சுக்கு இரண்டு நாள். ஆர்ட் பேப்பர் என்றால் மை காய மேலும் ஒரு நாள். அவசரப்பட்டு மடித்தால் ஒரு பக்கத்துப் பிள்ளையின் தலைமுடி எதிர்ப்பக்கத்துப் பிள்ளையின் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆக 20ஆம் தேதி பிளேட் போட வேண்டும். ஆனால் 14 முதல் பொங்கல். சிவகாசியில் அச்சகத்துக்கு ஆட்கள் திரும்பி வந்து மிஷின் ஓடத் தொடங்க 19 ஆகிவிடும். பொங்கலுக்கு முன்பே ப்ரூஃப் பார்த்து முடிக்க வேண்டுமானால் எல்லாப் பக்கமும் 10ஆம் தேதி அவர்கள் கையில் இருக்க வேண்டும். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதோ 2ஆம் தேதி. கணக்குப் போட்டுப் பார்த்தால் கையில் இருப்பது ஒன்பது நாள், அதில் ஒரு ஞாயிறு.

நவம்பரிலேயே கொடுத்துவிட்டால் என்ன என்று நானும் கேட்டிருக்கிறேன். "குடுங்க சார், ஓரமா வைக்கேன்" என்றார் அச்சகத்து அண்ணாச்சி. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆடிப்பெருக்கன்று மாதிரிக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால் டிசம்பர் வரை அந்த ஊரின் மிஷின்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அறுநூறு பிரதி மலருக்காக யாரும் காலண்டரை நிறுத்த மாட்டார்கள்.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி, மலரைப் பாரம் பாரமாக மூடுவது. பதினாறு பக்கம் ஒரு பாரம். எண்பது பக்க மலருக்கு ஐந்து. கட்டுரை, ஓவியம், பள்ளி வரலாறு, ஆசிரியர் பட்டியல் என்று தேதியோடு சம்பந்தமில்லாதவற்றை முதல் நான்கு பாரத்தில் அடைத்து, அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே ப்ரூஃப் பார்த்து மூடிவிடுவேன். மூடிய பாரத்தைத் தலைமையாசிரியரே கேட்டாலும் திறப்பதில்லை. ஜனவரியின் ஒன்பது நாளும் கடைசிப் பாரத்துக்கு மட்டும்தான். அதிலும் நான்கு பக்கம் மாணவர் ஓவியங்களை வைத்திருப்பேன், எடுத்தாலும் உறுத்தாத மாதிரி. கடைசி நேரத்தில் யாராவது பெரிய மனிதர் இரண்டு பக்கக் கட்டுரையோடு வருவார். வராத வருடமே இல்லை. ஒரு பக்கம் கூடினால் பதினாறின் கணக்கு குலைந்துவிடும் என்பதை அவருக்கு விளக்குவதைவிட ஓவியத்தை எடுப்பது சுலபம். எடுத்த ஓவியம் அடுத்த வருட மலரின் முதல் பாரத்தில் வரும் என்று வரைந்த பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னபடி போடவும் வேண்டும்.

ஒரு வருடம் வாழ்த்துரைகளுக்காகக் காத்திருந்தே ஆறு நாள் போயிற்று. இப்போது நானே நாலு வரி எழுதி, "ஐயா, பார்த்துத் திருத்திக் கொடுங்கள்" என்று அனுப்பிவிடுகிறேன். பெரும்பாலும் திருத்தாமலே கையெழுத்தாகி வந்துவிடும். விளம்பரத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: பின்னட்டையை ஒரே ஆளிடம் கேளுங்கள். நான் இரண்டு ஜவுளிக்கடைக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பட்டது போதும்.

குரூப் போட்டோவுக்கு வருகிறேன். மலரில் எல்லாரும் முதலில் திறக்கும் பக்கம் அதுதான். அதிகத் தப்பு வருவதும் அங்கேதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கி, நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலாகிவிடுகிறது. வரிசைக்கு 15 பேர் நிற்கிற படத்தில் தோளோடு சேர்த்து ஒரு பிள்ளைக்கு நூறு பிக்சல் கிடைக்கும். முகத்துக்கு அதில் பாதி. போன் திரையில் பளிச்சென்று தெரிவது, அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்கிற அச்சில் முழுப்பக்கமாக விரிந்தால் மாவு பூசியதுபோல் ஆகிவிடும். போட்டோக்காரரிடம் பென் டிரைவில் வாங்குங்கள். முடியாவிட்டால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

படம் பிடித்து முடித்ததும் பிள்ளைகளைக் கலைய விடாதீர்கள். அப்படியே நிற்க வைத்து, போனில் வீடியோவை ஓடவிட்டு, வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொருவரையும் தன் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாத வருடம், வகுப்பாசிரியர் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தார்; மேல் வரிசை முழுக்க ஓர் ஆள் தள்ளிப் போயிற்று. இன்னொரு வருடம் வகுப்புத் தலைவனிடம் எழுதச் சொன்னேன். அவன் தான் நின்ற இடத்திலிருந்து இடம் வலம் பார்த்து எழுதியிருந்தான். பார்ப்பவருக்கு இடது எது, நிற்பவருக்கு இடது எது என்று நான் சொல்லாதது என் தப்பு. அன்று வராத பிள்ளைகளின் பெயர்களையும் அந்த வீடியோவிலேயே சொல்லிப் பதிந்துகொள்வது நல்லது. அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பாஸ்போர்ட் படம் வாங்கி ஓரத்தில் சேர்த்துவிடலாம்.

அடுத்தது இனிஷியல். ஆங்கிலத்தில் எஸ் என்று ஒரே எழுத்துதான். தமிழில் அது ச, சா, சி, சு, செ, ஸ்ரீ என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரே பிரிவில் மூன்று கார்த்திகா இருக்கும்போது இனிஷியல்தான் பெயரே. வருகைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல், அவரவர் கையெழுத்து என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். நான் இப்போது கல்வித் துறையின் எமிஸ் பட்டியலில் இருக்கிற தமிழ்ப் பெயரை எடுத்து, அச்சிட்டு, வகுப்பில் சுற்றுக்கு விட்டு, அவரவர் பெயருக்கு நேரே அவரவரே கையெழுத்துப் போட வைக்கிறேன். "சார், எங்கம்மா பேரும் முன்னாடி வரணும்" என்று ஒரு பையன் சேர்த்து எழுதிக் கொடுத்தான். அவன் கேட்டபடியே இரண்டு எழுத்தும் அச்சாயின.

எழுத்துரு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தமிழக அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் தட்டச்சு மையங்களிலிருந்து இன்னும் பழைய பாமினி எழுத்துருவில்தான் வந்து விழுகிறது. மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்கள் ‘வெள்ளி விழா’வை ‘வௌ்ளி விழா’வாக்கும், ‘வெளியீடு’ ‘வௌியீடு’ ஆகும். வேகமாகப் படிக்கிற கண்ணுக்கு இது தட்டுப்படவே படாது. மாற்றியதும் ‘வௌ’ என்று தேடிப் பார்த்துவிடுங்கள். அச்சகத்துக்குப் போகும் பிடிஎஃப்பில் எழுத்துகளை வெறும் கோட்டு வடிவமாக, அதாவது கர்வ்ஸ் ஆக்கச் சொல்லிவிட்டால், அங்கே போய்க் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் தொல்லையும் இருக்காது.

பெயர்களை எப்போதும் தனிக் கறுப்பில் வையுங்கள். வண்ணப் பக்கத்துக்கு நான்கு பிளேட். நீலத்தில் ஒரு பெயரை அழகுக்காகப் போட்டு, பிளேட் ஆன பிறகு பிழை தெரிந்தால் இரண்டு மூன்று பிளேட்டை மாற்ற வேண்டி வரலாம். தனிக் கறுப்பு என்றால் ஒன்றோடு போகும். அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தது இது, நான் ஒருமுறை பணம் கட்டிய பிறகு.

பெயர்ப் பக்கங்களின் ப்ரூஃபை நான் படிக்க மாட்டேன். எழுதியவன் கண்ணுக்கு, இருக்க வேண்டியதுதான் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரை உட்கார வைத்து, ஒருத்தி கையெழுத்துப் பட்டியலை உரக்கப் படிக்க, இன்னொருத்தி ப்ரூஃபில் டிக் அடிப்பாள். அவர்களுக்கு அண்ணன் அக்காக்களின் தப்பைப் பிடிப்பதில் தனிச் சந்தோஷம். ஒரு வருடம் பதினேழு பிழை பிடித்தார்கள். ஆளுக்கு இரண்டு பரோட்டா செலவு.

போன வருடம் எல்லாம் சொன்னபடி நடந்தது. 28ஆம் தேதி இரவு பஸ்ஸில் கட்டுகள் வந்து இறங்கின. மறுநாள் காலை முதல் கட்டைப் பிரித்தபோது சத்துணவு அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு பிரதியைக் கொடுத்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, பணியாளர் பக்கத்தைத் தேடிப் பிடித்து, படத்தைப் பார்த்துவிட்டு, கீழே விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.

"எங்கய்யா பேருக்கு ‘ச’ இல்ல சார், ‘சு’."

பிள்ளைகளுக்கெல்லாம் கையெழுத்து வாங்கினேன். பணியாளர் பட்டியலை மட்டும் ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளைப் பார்த்து நானே எழுதியிருந்தேன். பாக்கெட்டிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்து அவர் பிரதியில் ஒரு சுழி போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். திருப்தியாகத்தான் தலையசைத்தார். பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த கட்டுகளைக் காட்டினார்.

"அதுலயும் போட்டுருங்க சார்."

விழாவுக்கு ஒரு நாள் இருந்தது. அறுநூறு பிரதியையும் பிரித்து மேசையில் பரப்பி உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு அவரே டீ கொண்டு வந்தார். அப்போது இருநூற்றுச் சொச்சத்தில் இருந்தேன்.