மேகமலையில் ஒரு பகல்: புறப்படும் முன் கவனிக்க

1. சின்னமனூரிலிருந்து காலையிலேயே மலையேறுக. இருட்டிய பின் யானை நடமாட்டம் மிகுவதால், தென்பழனியிலுள்ள வனச் சோதனைச்சாவடி மாலை 6 முதல் காலை 6 வரை வாகனங்களை அனுமதிப்பதில்லை.

2. எரிபொருளை அடிவாரத்திலேயே நிரப்புக. மேலே வசதிகள் குறைவு.

3. கொண்டையூசி வளைவுகள் பதினெட்டுக்கும் பழந்தமிழ் இலக்கியம் பாடும் மலர்களின் பெயர்கள் சூட்டப்பட்டிருப்பதால், அவற்றைப் படித்துச் சுவைக்கும் பொறுப்பை உடன் வருவோரிடம் விட்டு, ஓட்டுநர் சாலையில் மட்டும் கண் வைக்க. திருப்பத்தில் எதிரே வரும் பேருந்து கடைசி நொடியிலேயே தெரியும்.

4. ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு ஆகிய தேயிலைத் தோட்டப் பகுதிகளில், கொழுந்து (செடி நுனியின் இளந்தளிர்) பறிக்கும் பெண்களைப் படமெடுக்குமுன் அவர்களின் இசைவைக் கேட்க, மறுத்தால் வற்புறுத்தாது விலகுக. எடை பார்த்துக் கூலி பெறும் அவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் வருமானம் என்பதோடு, பார்வையாளருக்குக் காட்சியாகத் தெரியும் அச்சரிவு அவர்களின் பணியிடமும் ஆகும்.

5. மழைக்காலத்தில் கணுக்காலை மூடும் காலணி அணிக. ஈரப்புல்லில் அட்டைகள் உண்டு.

6. நெகிழிக் குப்பையைத் திரும்பக் கொண்டுவருக. இக்காடு 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது, உணவு மணம் படிந்த உறைகளை விலங்குகள் விழுங்கிவிடும்.