அடைக்கோழியும் முட்டைக் கணக்கும்

பேண்டம் என்னும் குள்ளச் சாதிக் கோழிகளிற் பல, அடைகாப்பதில் மிகுந்த பொறுமையுடையன. எனினும் அவற்றின் உடல் சிறிது. தம் முட்டைகளாயின் 8 முதல் 10 வரையும், நாட்டுக்கோழி முட்டைகளாயின் 5 அல்லது 6 மட்டுமே இறகுக்குள் அடங்கும். அதிகம் வைத்தால் ஓரத்து முட்டைகளே கெடுமெனச் சிலர் எண்ணுவர், அஃது அவ்வாறன்று. கோழி முட்டைகளை அடிக்கடி புரட்டி இடம் மாற்றுவதால், ஒவ்வொன்றும் முறையே ஓரத்திற்கு வந்து குளிர்ந்துபோம். நல்ல முட்டைகளும் நஷ்டமாகும்.

இட்டு 7 நாட்களுக்குட்பட்ட முட்டைகளையே அடைவைத்தல் வேண்டும். 7-ஆம் நாள் இரவு விளக்கொளியில் பார்த்து, செந்நரம்பு தோன்றாத கூமுட்டைகளை நீக்கிவிடுக. தினம் ஒருமுறை தீனிக்கும் தண்ணீருக்கும் கோழியை இறக்கிவிடுதல் அவசியம். கடைசி 3 நாட்களில் முட்டைகளைத் தொடலாகாது. சுமார் 21 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். குறைவாக வைத்து நிறையப் பொரிப்பதே லாபம்.