மூன்று நீர்க்கலங்கள்

கோசம்பி என்னும் பழம்பெரு நகரம் யமுனை நதிக்கரையில் விளங்கியது. 1949ஆம் ஆண்டு முதற்கொண்டு அலகாபாத் பல்கலைக்கழகத்தார் அவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்தபொழுது, கோசிதாராமம் என்னும் விகாரையின் இடிபாடுகளும், அதன் பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்றும் வெளிப்பட்டன. பகவன் புத்தர் தங்கியருளிய விகாரை அது. அங்கேதான் சங்கம் இரண்டாகப் பிளவுறும் அளவிற்கு ஒரு பூசல் மூண்டது. பூசலின் மூலம் யாதெனின், கழிப்பிடத்துக் கலத்தில் எஞ்சிக் கிடந்த சிறிதளவு நீர்.

பூசலின் வரலாறு வினய பிடகத்து மகாவக்கத்தின் பத்தாம் பகுதியில் உள்ளது. நீர்க்கலத்தைப் பற்றிய செய்தியை உரையாசிரியர்கள் விரித்துரைக்கின்றனர். விகாரையில் இரு ஆசிரியர்கள் இருந்தனர். ஒருவர் வினயத்தில் வல்லவர். மற்றவர் தம்மத்தை எடுத்துரைப்பதில் வல்லவர். இருவருக்கும் மாணாக்கர் பலர். தம்மம் உரைப்பவர் ஒருநாள் கலத்தில் நீரை மீதம் வைத்துவிட்டு வெளியே வந்தார். பின்னர் உள்ளே சென்ற வினய ஆசிரியர் அதனைக் கண்டு, நீர்தாம் வைத்தீரோ என வினவினார். ஆம் என்றார் அவர். அது வினயத்திற்கு மாறான குற்றம் என அறியீரோ என்றதற்கு, அறியேன் என்றும், குற்றமாயின் அதற்குரிய கழுவாய் செய்வேன் என்றும் கூறினார். அறியாது செய்ததாயின் குற்றமில்லை என்று வினய ஆசிரியரும் மொழிந்து அகன்றார்.

இதுகாறும் நிகழ்ந்ததில் யாதொரு குறையும் நாம் காண்பதற்கில்லை. ஐயமுற்றவர் நேரே வினவினார், வினவப்பட்டவர் மறைக்காமல் ஒப்பினார், திருத்திக்கொள்ளவும் இசைந்தார். இவ்வளவில் நின்றிருப்பின் அந்நீரோடு செய்தியும் வற்றிப் போயிருக்கும். ஆனால் வினய ஆசிரியர் தம் மாணாக்கரிடம் சென்று, அவர் குற்றம் இழைத்தும் குற்றமென உணராதவர் என்று கூறினார். மாணாக்கர் அதனை எதிர்ப்பக்கத்து மாணாக்கரிடம் குத்தலாகச் சொல்ல, அவர்கள் தம் ஆசிரியரிடம் கொண்டு சேர்த்தனர். முன்னர்க் குற்றமில்லை என்றவர் இப்பொழுது குற்றம் என்கிறாரே, அவரன்றோ பொய்யர் என்று அவர் வெகுண்டார். முகத்தெதிரே ஒரு சொல், முதுகின் பின்னே வேறொரு சொல். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள சிறு வெளியிற்றான் அப்பெரும் பூசல் முளைத்தது.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று தம் இல்லத்தையும் நண்பரையும் எண்ணிப் பார்ப்பார்களாக. நாமும் எண்ணிப் பார்த்தோம். பல்லாண்டுகட்கு முன் நம்மிடம் நூலொன்றை இரவலாகப் பெற்ற அன்பர் ஒருவர் அதனை மழையில் நனைத்துக் கொணர்ந்தார். வருந்தி மன்னிப்பும் கேட்டார். அதனாலென்ன, ஒன்றுமில்லை என்று புன்னகையோடு விடை கொடுத்தோம். அவ்வார முடிவிற்குள் மூவரிடம் அவருடைய பொறுப்பின்மையைக் குறித்துப் பேசிவிட்டோம். நால்வராவது அறிந்த செய்தி அவர் செவியை எட்டாதிருக்குமோ? நூலை நனைத்தது மழை. நட்பை நனைத்தது நம் நாவே. ‘ஒன்றுமில்லை’ என்ற அச்சொல் பொறுமையினால் பிறந்ததாக அன்று கருதினோம். அது சோம்பலினாற் பிறந்தது. வருத்தத்தை அவரிடமே சொல்லும் தொல்லையைத் தவிர்த்துக்கொண்டோம், அவ்வளவே.

கோசம்பியில் பகவர் இருசாராரிடமும் தனித்தனியே சென்று அறிவுரை பகர்ந்தார். விலக்கி வைத்தவர்களிடம், தமக்குத் தோன்றியது ஒன்றையே கொண்டு ஒருவரை விலக்குதல் தகாது, அதனால் சங்கத்திற்கு விளையும் கேட்டை எண்ணுக என்றார். விலக்கப்பட்டவரின் பக்கத்தாரிடம், பிறர் மீதுள்ள நம்பிக்கையை முன்னிட்டாவது குற்றத்தை ஒப்புதல் நன்று என்றார். ஒருசாராரும் செவிசாய்க்கவில்லை. பகவர் ஒருவரையும் துணைக்கு அழையாது தனியே வெளியேறினார். பிற்காலத்தே அசோக மன்னர், சங்கத்தைப் பிளப்பவர் பிக்குவாயினும் பிக்குணியாயினும் வெள்ளாடை உடுத்தப்பட்டு விகாரைக்கு வெளியே வைக்கப்படுவர் என்று ஓர் ஆணையைப் பொறிப்பித்தார். அதனைத் தாங்கிய தூண் இன்று பிரயாகைக் கோட்டையில் நிற்கிறது. அவ்வாணை கோசம்பியின் மகாமாத்திரர்களை விளித்தே எழுதப்பட்டது என்பது நம் சிந்தனைக்குரியது.

இரண்டாவது நீர்க்கலம் இராஜகிருகத்தில் உள்ளது. அம்பலட்டிகையில் தங்கியிருந்த இராகுலரைக் காணப் பகவர் சென்றார். இராகுலர் இருக்கை இட்டுக் கால் கழுவ நீரும் வைத்தார். பகவர் கலத்தில் சிறிது நீரை எஞ்சவிட்டு, அறிந்தே பொய் கூற நாணாதவனின் துறவு இந்நீரளவே சிறிது என உணர்த்தினார். பின் அந்நீரைக் கொட்டினார், கலத்தைக் கவிழ்த்தார், நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார். ஒவ்வொரு செயலிலும் அப்பாடமே. தந்தை மைந்தனுக்கும், ஆசான் மாணவனுக்கும் ஒருசேரப் புகட்டிய பாடத்திற்கு ஒரு கலமும் ஒரு கை நீருமே கருவியாயின. தொடர்ந்து, கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் நோக்குக என்றும், பிழை காணின் ஆசானிடமோ அறிவுடைய உடன்நோன்பியரிடமோ வெளிப்படுத்துக என்றும் அருளினார். அசோகர் தம் பைராட் கல்வெட்டில் பிக்குகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்கவேண்டுமென விரும்பிய தம்ம உரைகள் ஏழினைப் பெயர் சுட்டுகின்றார். பொய்யுரையைக் குறித்து இராகுலருக்கு அருளிய இவ்வுரையும் அவற்றுள் ஒன்று. அக்கல் இப்பொழுது கொல்கத்தாவில் ஆசியக் கழகத்தாரிடம் உள்ளது.

வாய்மை என்றவுடன், மனத்திற் பட்டதையெல்லாம் கடுமொழியால் கொட்டுவதே நேர்மை என்று கொள்வார் சிலர் உளர். அவர்கள் அபய இளவரசருக்கு அருளிய உரையைப் படித்தல் வேண்டும். மடியிலிருந்த குழந்தையின் வாயில் குச்சியோ கல்லோ சிக்கிவிடின் என்செய்வீர் எனப் பகவர் வினவ, குருதி வரினும் எடுத்துவிடுவேன், குழந்தையிடம் எனக்கு இரக்கம் உண்டன்றோ என்றார் இளவரசர். கசப்பான உண்மையும் அவ்வாறே. உண்மையும் பயனும் உடையதாய், காலம் அறிந்து, இரக்கத்தினின்று எழவேண்டும். குழந்தையின் வாயிலிருப்பதை எடுக்க வேண்டியவன் அண்டை வீட்டாரிடம் சென்று அதனைப் பேசிக்கொண்டிரான்.

இனி மூன்றாவது கலம். கோசம்பியை நீங்கிய பகவர் வழியில் பாசீனவம்ச வனத்தை அடைந்தார். அங்கே அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் உறைந்தனர். பாலும் நீரும் கலந்தாற்போல் வாழ்கின்றீர்களோ என்று பகவர் கேட்டார். ஆம் என்றதும் அவர் அமைந்துவிடவில்லை; எவ்வாறு என்று மேலும் கேட்டார். மூவரும் கூறிய விடையில் பெரிய தத்துவம் ஏதும் இல்லை. பிச்சையேற்று முன்னர்த் திரும்புபவர் இருக்கைகளை இட்டு நீரை எடுத்து வைப்பார். பின்னர் வருபவர் எஞ்சிய உணவைப் பசும்புல் இல்லாத இடத்திலோ உயிர்கள் இல்லாத நீரிலோ இட்டு, உணவிடத்தைப் பெருக்குவார். குடிநீர்க் கலமோ, கழுவு நீர்க் கலமோ, கழிப்பிடத்துக் கலமோ வெறுமையாயிருக்கக் காண்பவர் தாமே நிரப்புவார். கலம் கனமாயின் கைச்சைகையால் மற்றொருவரை அழைத்து இருவருமாகத் தூக்குவர். ஐந்து நாட்களுக்கு ஒருமுறை இரவு முழுதும் அமர்ந்து தம்மம் பேசுவர்.

கோசம்பியிலும் கழிப்பிடத்துக் கலம். ஈண்டும் கழிப்பிடத்துக் கலம். அங்கே யார் வைத்தது என்னும் வினா எழுந்தது. ஈண்டு அவ்வினாவிற்கே இடமில்லை. கண்டவர் கை நீளுகின்றது. எளிமை எனின் குறைந்த உடைமை என்று மட்டுமே நாம் பொருள் கொள்கிறோம். பிறர் செய்ததையும் தாம் செய்ததையும் கணக்கெழுதி வைக்காத மனமும் எளிமையே. கணவன் மனைவியரிடையிலும், உடன்பிறந்தாரிடையிலும் அக்கணக்கேடு எத்துணைப் பக்கம் வளர்கின்றது என்பதை அவரவரே அறிவர்.

அம்மூவரின் விடையில் மற்றொன்றும் உண்டு. ஒருவர்பால் ஒருவர் செயலிலும் சொல்லிலும் மனத்திலும் கொண்ட அன்பு வெளிப்படையிலும் மறைவிலும் ஒன்றே என்றனர். மறைவில் என்பதைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். எதிரே இல்லாத நண்பரைப் பற்றி நாம் எவ்வாறு பேசுகின்றோமோ, அதுவே அவருக்கும் நமக்கும் உள்ள உறவின் உண்மை அளவு. மூவர் தனித்திருக்கும் வனத்தில் ஒருவர் நீர் மொள்ளச் சென்ற அளவில் எஞ்சிய இருவர் அவரைப் பற்றிப் பேசுதல் எளிது. அதனைச் செய்யாமையே அவ்வனத்து அமைதியின் அடிப்படை என நாம் கருதுகிறோம்.

கோசம்பிப் பூசல் பின் என்னாயிற்று? நகரத்து உபாசகர்கள் பிக்குகளை வணங்குதலையும் அவர்கட்கு உணவிடுதலையும் நிறுத்தினர். பசியும் வெட்கமும் உந்த, இருசாராரும் பகவர் தங்கியிருந்த சாவத்திக்குச் சென்றனர். அங்கே, விலக்கி வைக்கப்பட்டிருந்த பிக்கு தம்மத்தையும் வினயத்தையும் தமக்குள்ளேயே ஆராய்ந்து, தாம் செய்தது குற்றமே என்றும், தம்மை விலக்கியது முறையே என்றும் தெளிந்தார். அதனை முதலில் தம் பக்கத்தாரிடமே சென்று சொன்னார். இத்தனை காலமும் அவர் குற்றமற்றவர் என்று வாதாடியவர்கள் அவர்களே. அவர்கள் அவரைப் பகவரிடம் அழைத்துச் சென்றனர். பின் விலக்கியவர்களிடமும் சென்று செய்தியைத் தெரிவித்தனர். அவர் மீண்டும் சங்கத்தில் சேர்க்கப்பட்டார். அன்றே சங்கம் ஒன்றுகூடி உபோசதம் நோற்றது.