மூச்சடக்கும் நெல்

நெல்லுக்கு நீரே தாய். நாற்றங்காலில் விதை முளைக்கும் நாள் முதல் கதிரில் பால் பிடிக்கும் நாள் வரை நீரின்றி அப்பயிர் வாழாது. ஏனைய பயிர்கள் வேரழுகி மடியும் சேற்றிலும் நெல் செழித்து நிற்கும். அதன் தண்டிலும் வேரிலும் அமைந்துள்ள நுண்ணிய காற்றறைகளின் வழியே மேலிருந்து காற்று இறங்கி வேரை அடைவதே அதற்குக் காரணமாகும். ஆயினும், அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது முதுமொழி. கணுக்கால் அளவு நின்று பயிரை வளர்த்த அதே நீர், பயிரின் தலைக்கு மேல் எழுந்து சில நாள் தங்கினால் அதனைக் கொன்றுவிடும்.

இவ்வுண்மையைக் கடலூர் மாவட்டத்து உழவர் நன்கறிவர். நெய்வேலிக்கும் விருத்தாசலத்துக்கும் அண்மையில் உள்ள கம்மாபுரம் வட்டாரம் நெல் விளையும் நிலப்பகுதியாகும். பழுப்பு நிலக்கரி வெட்டி எடுப்பதற்காக 1956-ஆம் ஆண்டில் நெய்வேலி நிறுவனம் தோன்றிய பின்னர் இந்நிலப்பகுதியின் பெயர் நாடெங்கும் பரவியது. எனினும் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்வோர் பலருக்கு இன்றும் ஏரும் வயலுமே வாழ்வாகும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் சம்பாப் பயிர் இளம்பயிராகவே இருக்கும். 2015-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கடலூர் மாவட்டத்தின் தாழ்நிலங்கள் வெள்ளக்காடாயின; வரப்பும் வயலும் ஒன்றாயின. விதைக்கும் உழவுக்கும் நடவுக்கும் உரத்துக்கும் செலவிட்ட பின்னர் பயிர் அழுகுமானால், உழவனுக்கு எஞ்சுவது கடன் ஒன்றே.

நீரில் மூழ்கிய பயிர் ஏன் மடிகிறது? பயிரும் நம்மைப் போலவே மூச்சுவிடும் உயிராகும். அதற்குப் பிராணவாயு வேண்டும். வளிகள் நீரில் பரவும் வேகமோ, காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கே ஆகும். ஆதலின் மூழ்கிய பயிருக்குப் பிராணவாயு கிட்டுவது அரிதாகிறது. கலங்கிய நீர் கதிரவன் ஒளியையும் மறைப்பதால், இலைகள் உணவு சமைப்பதும் குன்றுகிறது. அத்துடன், பயிர் தன்னுள்ளே உண்டாக்கும் எத்திலீன் என்னும் வளி வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. அவ்வளி, ‘எழுக, நீள்க’ என்று பயிரைத் தூண்டுகிறது. நீர்மட்டத்துக்கு மேல் தலை நீட்டி மூச்சு வாங்கிவிடலாம் என்னும் நோக்குடன் பயிர் விரைந்து நீள்கிறது. சேமித்து வைத்த மாவுச்சத்து முழுவதையும் அம்முயற்சியிலேயே செலவிடுகிறது. நீர் வடியும்போது அதன் தண்டு மெலிந்து, வலுவிழந்து, சாய்ந்து விழுகிறது. பேரார்வத்துடன் ஓடி, எல்லையை அடையுமுன்னர் இளைத்து வீழும் ஓட்டக்காரனின் நிலையே அப்பயிரின் நிலையாகும்.

எல்லா நெல்லும் இவ்வாறு செய்வதில்லை. ஒடிசா மாநிலத்து உழவர்கள் வழிவழியாகப் பயிரிட்டு வந்த நெல் ஒன்றிலிருந்து எஃப்.ஆர். 13ஏ என்னும் வகை தெரிந்தெடுக்கப்பட்டது. இது இரண்டு வாரம் வரை முழுவதும் நீரில் மூழ்கியிருந்தும், நீர் வடிந்த பின்னர் மீண்டும் தளிர்க்கும் ஆற்றல் வாய்ந்தது. இதன் மறைபொருளை அறிய அறிவியலார் பல்லாண்டு முயன்றனர். கெனாங் சூ, டேவிட் மக்கில் ஆகியோர் 1996-ஆம் ஆண்டில் அவ்வாற்றல் நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் அடங்கியிருப்பதைக் காட்டினர். அவர்களும் பமேலா ரொனால்டு முதலிய அறிஞரும் சேர்ந்து 2006-ஆம் ஆண்டில் அதற்குரிய மரபணுவையே கண்டறிந்தனர். அது சப்-1ஏ எனப் பெயர் பெற்றது.

இம்மரபணு செய்யும் பணி வியப்புக்குரியது. எத்திலீன் தேங்கியதும் ஏனைய நெல் நீளத் தொடங்கும். இம்மரபணுவைப் பெற்ற நெல்லோ வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மாவுச்சத்தைச் சிக்கனமாகச் செலவிட்டு, மூச்சடக்கிய முனிவர் போல அமைதியாக இருக்கும். வெள்ளம் வடிந்ததும், காத்து வைத்த உணவைக் கொண்டு புதுத்தளிர் விடும்.

வெள்ளம் வடிந்த உடனே துன்பம் நீங்கிவிடுவதில்லை என்பதும் ஈண்டு அறியத்தக்கது. பிராணவாயுவின்றிப் பல நாள் இருந்த உயிரணுக்களுக்குள் அது திடீரெனப் பாயும்போது, அதன் ஒரு பகுதி தீங்கு விளைக்கும் வடிவங்களாக மாறி அணுக்களைத் தாக்குகிறது. உயிர் தரும் வளியே சிறிது பொழுதுக்கு நஞ்சாகிறது. மனித உடலிலும் இவ்வாறே நிகழ்வதுண்டு. இதயத்துக்குச் செல்லும் குருதிக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு, பின்னர் அது நீங்கிக் குருதி மீண்டும் பாயும்போது இதயத்தசை ஓரளவு ஊறுபடுவதை மருத்துவர் அறிவர். சப்-1ஏ மரபணு இத்தாக்குதலைத் தாங்கவும் நெல்லுக்குத் துணைபுரிகிறது என்பதை 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மனிதனும் பயிரும் இன்னொரு வகையிலும் ஒத்திருக்கின்றனர். பிராணவாயு குறைவதை நம் உயிரணுக்கள் எவ்வாறு உணர்கின்றன என்பதைக் கண்டறிந்தமைக்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகிய மூவர்க்கும் 2019-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அளிக்கப்பட்டது. பிராணவாயு நிறைந்திருக்கும்போது ஒரு புரதம் இடைவிடாது அழிக்கப்படுகிறது. அது குறைந்ததும் அப்புரதம் அழியாமல் தங்கி, சிவப்பணுக்களைப் பெருக்குவது முதலிய காப்புப் பணிகளைத் தொடங்கி வைக்கிறது. புரதம் வேறாயினும், இதே முறையில் தாவரங்களும் பிராணவாயுக் குறைவை உணர்கின்றன என்பது 2011-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. சப்-1ஏ ஆக்கும் புரதமும் அத்தாவரப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்ததே ஆகும். மூச்சுமுட்டும் துன்பம் மரத்துக்கும் மாந்தர்க்கும் பொது என்பதை இவ்வாய்வுகள் நமக்கு உணர்த்துகின்றன.

ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை வயலுக்கும் வந்து சேர்ந்தது. உழவர் விரும்பிப் பயிரிடும் சுவர்ணா நெல்லை வெள்ளம் தாங்கும் நெல்லுடன் கலப்புச் செய்து, மரபணு வந்து சேர்ந்த நாற்றுகளை மட்டும் தலைமுறைதோறும் தெரிந்தெடுத்து, சுவர்ணா சப்-1 என்னும் வகையை உருவாக்கினர். அது 2009-ஆம் ஆண்டில் இந்திய உழவர்க்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டுச் சம்பாப் பருவத்தில் பெரிதும் விளையும் சி.ஆர். 1009 நெல்லிலும் இம்மரபணு சேர்க்கப்பட்டு, சி.ஆர். 1009 சப்-1 என்னும் வகை கிடைத்தது. விளைச்சலும் அரிசியின் தன்மையும் மாறாமல், வெள்ளம் தாங்கும் குணம் மட்டும் கூடியதே இம்முறையின் சிறப்பாகும்.

எனினும், ஒரு மருந்து எல்லா நோயையும் தீர்ப்பதில்லை. திங்கள் கணக்கில் ஆழ்நீர் தேங்கும் நிலத்தில் மூச்சடக்கி இருப்பது பயன் தராது. அத்தகைய இடங்களுக்கு நீருடன் போட்டியிட்டு உயரும் நெல்லே ஏற்றது. நெட்டையாய் வளர்ந்து வெள்ளத்தைத் தாங்கும் காட்டுயானம் போன்ற நெல்வகைகளை நம் முன்னோர் போற்றி வந்தமையும் அதனாலேயாம். இரண்டு வாரத்தைக் கடந்து நீர் நின்றால் சப்-1 நெல்லும் தாங்காது. ஆகவே வாய்க்காலைத் தூர்வாருதலும், வடிகாலை அடைபடாது காத்தலும் எக்காலத்தும் கைவிடலாகாத கடமைகளாகும்.

பெயர் அறியப்படாத ஒடிசா உழவர்கள் அப்பழைய விதையைக் கைவிட்டிருந்தால், அறிஞர் ஆராய்வதற்கு ஒன்றும் இருந்திராது. அறிஞர் ஆராயாதிருந்தால், அவ்விதையின் ஆற்றல் ஓரூரின் எல்லைக்குள்ளேயே அடங்கியிருக்கும். விதையைக் காத்தவர் கையும் அதனை ஆய்ந்தவர் அறிவும் ஒன்று கூடியதனாலேயே, வெள்ளம் வடிந்த வயலில் மீண்டும் பசுந்தளிரைக் காணும் வாய்ப்பு உழவனுக்குக் கிட்டியுள்ளது.