கியர் ஆயிலுக்கு மாசம் 100 ரூபாய் ஒதுக்குங்க: காரில் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்கள்



போன மழைக்காலத்தில் கோட்டாறில் இருந்து திருநெல்வேலிக்கு கார்ல போயிட்டு இருந்தேன். முப்பந்தல் காற்றாலைப் பக்கம் முன்னால போன லாரி சேற்றை வாரி அடிச்சது. வாஷர் லிவரை இழுத்தேன். மோட்டார் சத்தம்தான் வந்தது, தண்ணி வரல. வைப்பர் சேற்றைக் கண்ணாடி முழுக்கப் பூசிடுச்சு. சில விநாடி ரோடே தெரியல. ஓரம் கட்டி, குடிக்க வச்சிருந்த தண்ணியை ஊத்தித் துடைச்சேன்.

அடுத்தவங்க கணக்கை வரிக்கு வரி பார்க்கிற ஆடிட்டர் நான். என் காரோட டேங்கைத் திறந்தே பார்க்கல. நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க.

1. வாஷர் தண்ணி: நீங்களே ஊத்தலாம்

பானட்டைத் திறந்தா, கண்ணாடியில் தண்ணி பீய்ச்சுற படம் போட்ட மூடி இருக்கும். அதுதான் வாஷர் டேங்க். பக்கத்துல இருக்கிற கூலன்ட் டேங்க்ல மாத்தி ஊத்திடாதீங்க. நல்ல தண்ணியோட வாஷர் லிக்விட் கலந்து ஊத்துங்க. உப்புத் தண்ணி வேண்டாம், நாசில் அடைச்சுக்கும். பாத்திரம் கழுவுற சோப்பும் வேண்டாம். டேங்க் காலியா இருக்கும்போது லிவரை இழுத்துட்டே இருந்தா பம்ப் மோட்டார் கெட்டுப்போகலாம். நம்ம மாவட்டத்துக்கு வருஷத்துல ரெண்டு பருவமழை; அதனால மாசம் ஒரு தடவை பாருங்க.

2. கியர்பாக்ஸ் ஆயில்: கவனிக்கிறது நீங்க, மாத்துறது மெக்கானிக்

மேனுவல் கார்ல பெரும்பாலும் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் இருக்காது. மெக்கானிக் காரைத் தூக்கி, பிளக்கைக் கழற்றித்தான் பார்க்கணும். சில பழைய ஆட்டோமேட்டிக் கார்ல டிப்ஸ்டிக் உண்டு. இன்ஜின் ஓடும்போதா, நிறுத்திட்டா எப்படிப் பார்க்கணும்னு உங்க கார் மேனுவல்லயே இருக்கும்.

நீங்க செய்ய வேண்டியது சின்ன வேலை. ராத்திரி காருக்கு அடியில் ஒரு அட்டையைப் போடுங்க. காலையில் நிறமில்லாத தண்ணி இருந்தா அது பெரும்பாலும் ஏசி தண்ணி. சிவப்பாவோ பழுப்பாவோ எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா, இல்ல கியர் விழ இழுபறியா இருந்தா, உடனே காட்டுங்க.

மேனுவல் கியர்பாக்ஸ், ஆட்டோமேட்டிக், சிவிடி மூணுக்கும் ஆயில் வேற வேற. மாத்தி ஊத்தினா கியர்பாக்ஸே போயிடலாம். அளவுக்கு மேல ஊத்துறதும் தப்பு.

3. இன்சூரன்ஸ் காப்பாத்துமா?

"அதான் பம்பர் டூ பம்பர் இருக்கே சார்" என்பாங்க. சாதாரண மோட்டார் பாலிசியில் தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் விலக்கு. ஜீரோ டெப் போட்டாலும், விபத்து கிளெய்ம்ல உதிரி பாகத்தின் தேய்மானக் கழிவைத்தான் தவிர்க்கலாம். ஆயில் இல்லாம தேஞ்ச கியர்பாக்ஸுக்கு பணம் உங்க பாக்கெட்ல இருந்துதான் போகும்.

4. இப்போ கணக்கு

உதாரணத்துக்கு, 3 வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்த 3,600 ரூபாய்னு வைங்க. மாசம் 100 ரூபாய். அதையே விட்டுட்டு கியர்பாக்ஸ் வேலைக்கு 60,000 ரூபாய் வந்தா? 40,000 சம்பளக்காரருக்கு ஒன்றரை மாசச் சம்பளம். அதை கிரெடிட் கார்டு இஎம்ஐல போட்டா வட்டி வேற.

அதனால சம்பளம் வந்த அன்னைக்கே கார் செலவுக்குன்னு தனி ஆர்டி ஒண்ணு போடுங்க. ஆயில் மாத்தினா கிரேடும் கிலோமீட்டரும் எழுதின பில்லை வாங்கி வைங்க. வாரன்டி கேட்கும்போதும், காரை விற்கும்போதும் அதுதான் பேசும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து பாருங்க. பத்து நிமிஷம் போதும்.